பானட்டில் ஒரு சிவப்புப் பொட்டு

என் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் பதினைந்து வருடங்களுக்கும் மேலாக ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருக்கிறது. நல்ல சிவப்பு. காய்ந்துபோனால் அதே நிறத்தில் வேறொன்று வாங்கி வைத்துவிடுவேன். கல்யாணமான புதிதில் ஆர்சி புத்தகத்தைத் தேடப்போன என் மனைவி அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னை முறைத்துப் பார்த்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் பானட்டின் வலது பக்க மடிப்பில் பொட்டளவுக்கு இருக்கும் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, இதற்குத்தான் என்று சொன்ன பிறகே அவள் முகம் தெளிந்தது. அது எப்படி வந்தது என்று கேட்டாள். அத்தான் பாலிஷ் மிஷின் போடும்போது பெயின்ட் தீய்ந்துவிட்டது என்றேன். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அதே பொய்யை என் மனைவியிடமும் சொன்னேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கோட்டுச்சேரிமேட்டில், எல்லோரும் கடலுக்குப் போகும் எங்கள் தெருவில், கடலுக்குப் போகாத ஒரே மருமகன் அவர்தான். பயமெல்லாம் இல்லை. படகில் கால் வைத்தால் அவருக்குக் குடலே வெளியே வந்துவிடும். நாலைந்து தடவை முயன்று பார்த்து, நாலைந்து தடவையும் அவரைச் சாக்கு மூட்டையைப் போலக் கரையில் இறக்கிவிட்டார்கள். சொந்தப் படகு ஓட்டி, பிறகு மீன் ஏலத்துக்கு வந்தவர் எங்கள் அப்பா. அவருக்கு இது பெரிய மானக்கேடு. வாய் நிறைய 'வாங்க மாப்பிள்ளை' என்பார். ஆனால் தெருவில் யாராவது மருமகன் என்ன செய்கிறார் என்று கேட்டால் காது கேட்காதவர் மாதிரி நடந்துவிடுவார்.

அந்தச் சுனாமி அலைக்குப் பிறகுதான் அத்தானுக்கு ஒரு வழி பிறந்தது. கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. வந்த வேகத்திலேயே அடிபடவும் செய்தன. நாகப்பட்டினத்தில் படகு கட்டும் யார்டு ஒன்றில் ஆறு மாதம் இருந்து ஃபைபர் ஒட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். படகின் வயிற்றை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தே உள்ளே எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒட்டிய இடத்தைக் கிரைண்டரில் தேய்த்து, கம்பளி பேட் மாட்டி மெருகேற்றிவிட்டால், எங்கே கிழிந்தது என்று படகுக்காரருக்கே தெரியாது. இத்தனையையும் அவர் கடற்கரையில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் செய்துகொண்டிருந்தார். மழை வந்தால் ஃபைபரை ஒட்டும் ரெசின் இறுகாது. காற்றடித்தால் மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு கொட்டகை. எங்கள் வீட்டை ஒட்டி ரோட்டோரமாக அப்பாவுக்கு ஒரு காலி மூலை இருந்தது. அக்கா அதைக் கேட்டுப் பார்த்தாள். அப்பா, 'பாப்போம்' என்றார். ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கார் வந்தது. காரைக்காலில் ஒரு டாக்டர் விற்ற பழைய சின்னக் கார். எங்கள் தெருவின் முதல் கார். வரும்போது சிவப்பாக இருந்தது. உப்புக் காற்றும் வெயிலும் பட்டு ஆறே மாதத்தில் வெளிறிய ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் அம்மாவின் பங்கும் உண்டு. தினமும் காலையில் அடுப்பு மேடையைத் துடைப்பதுபோல, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரும் அப்பாவின் பழைய வேட்டியுமாகக் காரைத் துடைப்பாள். வேட்டியில் இருக்கும் மணலும் சேர்ந்து துடைக்கும். வெயிலில் பார்த்தால் பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். அம்மாவிடம் அதைச் சொல்ல எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

ஒரு நாள் அத்தான் அப்பாவிடம் கேட்டார்: "மாமா, ஞாயித்துக்கெழம காரக் குடுங்க. புதுசாட்டம் பண்ணித் தரேன்."

"இது படகு இல்லீங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பண்ணிக் காட்டுங்க. அப்புறமா அந்தக் கொட்டாய் விசயத்தப் பேசுவோம்" என்றார்.

அத்தானுக்கு அது போதும். சனிக்கிழமை மாலை என்னைக் கூட்டிக்கொண்டு காரைக்கால் போய் பெயின்ட்டைத் தேய்த்து மெருகேற்ற ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்ட், மெழுகு, மஞ்சள் பனியன் துணி, பேப்பர் டேப் எல்லாம் வாங்கினார். நான் அப்போது கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விடுமுறை நாட்களில் அவருடைய படகு வேலைக்குக் கூடமாட நின்றிருக்கிறேன். அதனால் மிஷின் பிடிக்கத் தெரியும் என்று ஒரு நினைப்பு. கார் வேலையைப் பொறுத்தவரை இரண்டு பேருமே கன்னி முயற்சிக்காரர்கள். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையாலேயே தேய்த்தால் போதும் என்று சொன்னார். மிஷின் வைத்திருப்பவர்கள் காதில் அதெல்லாம் ஏறுமா?

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏலத்துக்குப் போனதும் வேலை தொடங்கியது. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மணல் போகக் கழுவினோம். வேப்ப மரத்து நிழலுக்குக் காரைத் தள்ளினோம். விளக்கு, ரப்பர் பட்டை எல்லாவற்றின் ஓரத்திலும் டேப் ஒட்டினோம். அத்தானுடைய கிரைண்டருக்கு ஒரே வேகம்தான், அதுவும் பேய் வேகம். அதை அடக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டு, வேகம் பிடித்ததும் அணைத்துவிடுவார். அணைந்த மிஷின் சுற்றித் தளரும் அந்தச் சில நொடிகளில்தான் பேட் பெயின்ட்டில் படும். மறுபடி போடுவார், அணைப்பார். இப்படியே கதவுகள், டிக்கி என்று ஒவ்வொன்றாகச் சிவப்பு திரும்பி வந்தது. பேட்டில் சாயம் ஏறியதைப் பார்த்து நான் பயந்தபோது, "கலரு வரும் மச்சான். படகுலயும் வரத்தான செய்யுது" என்றார்.

கடைசியாக பானட். நடுவில் ஒரு டேப் ஒட்டி, இடது பாதியை அவர் முடித்தார். தண்ணீர் ஊற்றி வைத்ததுபோல மின்னியது. வலது பாதியை நான் செய்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். அவர் யோசித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார். "அணச்சு அணச்சு போடு" என்று மட்டும் சொன்னார்.

நாலு தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். ஐந்தாவது தடவை அணைக்கவில்லை. படகில் பழகிய கை. படகின் மேல்பூச்சு கனமானது. உடம்பின் பாரத்தை மிஷின்மேல் சாய்த்துத்தான் தேய்க்கவேண்டும். அதே மாதிரி சாய்ந்து நின்று, பானட்டின் மடிப்புமேல் மிஷினை நிறுத்திவிட்டேன். தோசை தீய்கிற மாதிரி ஒரு வாசனை வந்தது. எடுத்துப் பார்த்தால், சிவப்புக்கு நடுவில் சாம்பல் நிறம், அதற்கும் நடுவில் தகரம்.

அத்தான் மிஷினை என் கையிலிருந்து வாங்கி ஒயரைச் சுற்றி வைத்தார். டீ கொண்டுவந்த அக்காவிடம், "ஒன் நெயில் பாலிஷக் குடு, உப்புக் காத்துல துரு ஏறிடும்" என்றார். கீழே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்தில் மெல்லிசாக மூன்று தடவை பூசினார். ஒவ்வொரு பூச்சும் காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.

அப்பா மதியம் வந்தார். காரைச் சுற்றி நடந்தார். முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியதை நான் பார்த்தேன். பானட்டுக்கு வந்ததும் நின்றார்.

"இது யாரு?"

நான் வாயைத் திறக்குமுன் அத்தான் சொன்னார்: "நான்தான் மாமா. மிஷின் என்னுது."

அவர் வேலை கற்ற நாகப்பட்டினத்து யார்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையில் இருக்கும்போது தப்பு நடந்தாலும், மிஷினுக்குச் சொந்தக்காரர்தான் பதில் சொல்லவேண்டும். அதனால்தான் அவர்கள் மிஷினைக் கண்டவர் கையில் கொடுக்கமாட்டார்கள். அத்தான் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னார். நான்தான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். இல்லை அப்பா, நான் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. நான் டேப்பை உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு காரயே பாத்துச் செய்யலயே. நாளைக்கு ஊரான் படக எப்படி நம்பிக் குடுக்குறது?" என்றார் அப்பா. கொட்டகைப் பேச்சு அன்றோடு முடிந்தது. இரண்டு மாதத்தில் அத்தான் அக்காவையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்து யார்டுக்கே வேலைக்குப் போய்விட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். வந்தால் அப்பாவுக்கு எதிரில் உட்காரமாட்டார். நாற்காலி போட்டாலும் "இருக்கட்டும்" என்று சொல்லித் தூணோரம் நின்றுகொண்டே பேசுவார். முதலில் அப்பா இரண்டு தடவை உட்காரச் சொன்னார். பிறகு அதுவே பழகிப்போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது என்னிடம் மட்டும் கேட்பார்: "அந்த எடம் துரு புடிக்காம இருக்கா மச்சான்?"

அந்தக் காலி மூலையில் நான் வீடு கட்டினேன். அப்பா தாமாகவே எழுதிக் கொடுத்தார், காரையும் என்னிடமே விட்டுவிட்டார். கொட்டகை வந்திருக்கவேண்டிய இடத்தில்தான் இப்போது கார் நிற்கிறது.

போன வருடம், மார்கழியில் ஒரு நாள், காருக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தேன். இப்போது வீட்டுக்கென்றே மிஷின்கள் வந்துவிட்டன. வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு சக்கரம், கைக்கு இதமான பிடி, மெத்தென்ற ஸ்பாஞ்ச் பேட். குறைந்த வேகத்தில் வைத்தால் குழந்தைகூடப் பிடிக்கலாம். பெயின்ட்டை எரிக்கவேண்டுமென்று முயன்றாலும் சுலபத்தில் முடியாது. அது எனக்குச் சந்தோஷமாக இல்லை, அன்று இது கையில் இல்லையே என்று எரிச்சலாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். காதும் காலும் தளர்ந்துவிட்டன, கண் மட்டும் பழைய கண். பானட்டின் மடிப்புக்கு வந்ததும் மிஷினை நிறுத்தினேன்.

"அப்பா, இது நான் பண்ணது. அத்தான் இல்ல."

சத்தமாகத்தான் சொன்னேன். அவர் அந்தப் பொட்டைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "ஒன் சட்டையெல்லாம் செவப்பாத் தெறிச்சுக் கெடந்துச்சு. அணச்சு அணச்சுப் போடுற அவரு சட்டையில ஒண்ணும் இல்ல. அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்ப்பா?"

"இந்த எடத்த ஒனக்குன்னு வச்சிருந்தேன். அவருக்கிட்ட இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவரே ஒரு சாக்குக் குடுத்தாரு, எடுத்துக்கிட்டேன்."

இத்தனை வருடமும் என்னிடம் ஒரு பொய் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அந்தப் பொய்யின்மேல்தான் நானும் என் பிள்ளைகளும் குடியிருக்கிறோம் என்பது அன்றுதான் தெரிந்தது. உள்ளே போய் அத்தானுக்குப் போன் செய்தேன். பின்னால் யார்டு இரைந்துகொண்டிருந்தது. வழக்கம்போல முதலில், "துரு புடிக்கலயே?" என்று கேட்டார். அப்பாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அத எதுக்குச் சொன்ன? மிஷின் என்னுதுதான?" என்றார். பிறகு, குரலை இறக்கி, "மாமா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறினேன். இன்னொரு தடவை டேப் உரித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. "அன்னிக்கே தெரியுமாம் அத்தான்" என்றேன். இடம் விஷயத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை யாரோ அணைத்தார்கள். அது சுற்றித் தளர்ந்து அடங்குவது போனில் கேட்டது.

"அப்ப இத்தன வருசமும் நான் சும்மாத்தான் நின்னுருக்கேன்" என்றார்.

பொங்கலுக்கு அவர் வருவாரா என்று அக்காவுக்கே நிச்சயமில்லை. வந்தார். அவர் கேட்டைத் திறப்பதைப் பார்த்ததும் அப்பா நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, முக்கி முனகி எழுந்து நின்றார். தனக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைக் காட்டவில்லை. தான் உட்கார்ந்திருந்ததையே காட்டி, "உக்காருங்க மாப்பிள்ளை" என்றார். அத்தான் அவரைப் பார்க்காமல் நேராகக் காரிடம் போனார். குனிந்து, கட்டைவிரலால் பானட்டின் மடிப்பைத் தடவினார்.

"ரொம்பக் கனமாப் பூசியிருக்க மச்சான். அதான் வெடிக்குது. பாட்டிலக் கொண்டா."

நான் டேஷ்போர்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பழைய பூச்சை நகத்தால் சுரண்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிசாகப் பூசி, ஊதினார். அது காயும்வரை அப்பா உட்காரவில்லை. மூன்றாவது பூச்சு முடிந்ததும் அத்தான் பாட்டிலை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பாவின் தோளைப் பிடித்து அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்தார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார்.