வேலி இல்லாத கூடாரம்தான் வேண்டும்

மன்னவனூரில் பூண்டு விவசாயம் செய்கிறவள் நான். கென்யாவுக்கு சஃபாரி போகத் திட்டமிட்டபோது, கொடைக்கானல் டிராவல்ஸ்காரர், "வேலி போட்ட லாட்ஜ் பாக்கட்டுமாங்க?" என்று கேட்டார்.

"எங்க தோட்டத்துக்குள்ள காட்டுமாடு தெனமும் வந்து போகுது. எனக்கு எதுக்குங்க வேலி?" என்றேன். சரணாலயத்தை ஒட்டிய தனியார் காட்டில், வேலி இல்லாத கூடாரம் ஒன்றைப் பதிவு செய்தார்.

கென்யா போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, கூடாரத்துக்கு எதிரே அந்த நாட்டுக் காட்டெருமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. ஊர்ப் பழக்கத்தில் வெளியே வந்து, சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டிச் சத்தம் போட்டேன். எங்கள் ஊர்க் காட்டுமாடு அதற்கே ஒதுங்கிப் போய்விடும். இதுவோ தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக என்மேல் பாய்ந்து வந்தது. கூடாரக் காவலர் என்னை இழுத்துப் பக்கத்தில் நின்ற ஜீப்புக்குள் தள்ளியிருக்காவிட்டால், இதை எழுத நான் இல்லை. அது முட்டியதில் ஜீப் கதவு நசுங்கிப்போனது.

அடுத்த பயணத்துக்கும் வேலி இல்லாத கூடாரம்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் இந்த முறை வாடகையைப் பேசுவதற்கு முன்பே, "அங்க என்ன மிருகம் வரும், வந்தா நான் என்ன செய்யணும்னு விசாரிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

"கூடாரத்துக்குள்ளயே சத்தம் காட்டாம இருக்கணுமாம்" என்றார் டிராவல்ஸ்காரர், விசாரித்துவிட்டு. இருப்பேன்.

விஷயம் தெரிந்ததும் என் நாத்தனார், "பேசாம வீட்டுலயே கெடங்க மதினி, அதுதான் பத்திரம்" என்றாள்.

நான் வாசலைக் காட்டினேன். விடியற்காலையில் காட்டுமாடு போட்டுவிட்டுப் போன சாணம் இன்னும் ஈரம் காயாமல் கிடந்தது.