ஆட்டுத்தடத்தில் போன ஜீப்

வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டும் டீசலும் சேர்ந்து வீசும் வாடை இன்றைக்கும் என் நாக்கை வறளவைக்கும். போன மாதம் பெரம்பலூரில் சிக்னலுக்காக ஸ்கூட்டியில் நின்றபோது, கூரைவரை செம்புழுதி பூசிய பெரிய ஜீப் ஒன்று பக்கத்தில் வந்து அந்த வாடையை மூச்சாக விட்டது. உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்ட மூன்று பையன்கள். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டேன். "காரைங்கிற ஊருப் பக்கம்க்கா. பாலைவனமேதான். ரோடே கிடையாது, அதான் கிக்கு" என்றான் ஓட்டியவன். பச்சை விழுந்தது, போய்விட்டார்கள். நான்தான் அங்கேயே நின்றேன், பின்னால் பஸ்காரர் திட்டும்வரை, ஒன்பது வயதுப் பெண்ணாக, ஒரு ஜீப்பின் பின்சீட்டில், ரோடு இல்லாத அதே செம்மண் காட்டுக்குள்.

அந்த நிலத்தைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? என்றைக்கோ கடல் கிடந்து எழுந்துபோன தரை அது. குனிந்தால் கல்லாகிப்போன கிளிஞ்சல் கிடைக்கும், சுருண்ட நத்தை கிடைக்கும், தண்ணீர் மட்டும் கிடைக்காது. மழை கீறிக் கீறி மேடெல்லாம் யானை முதுகின் சுருக்கமாகிவிட்டிருக்கும், சுருக்கத்துக்குச் சுருக்கம் ஓர் ஓடை, எல்லா ஓடையும் ஒரே முகம். ஒரு மழை பெய்தால் போதும், நேற்று வண்டி போன வழியை அந்த மண் இன்றைக்கு மறந்துவிடும். அந்த மேடுகளைத் தாண்டி "காட்டுக்கொட்டாய்" என்று நாங்கள் சொல்லும் சின்னக் குடியிருப்பு ஒன்று இருந்தது. கொல்லை என்று நாங்கள் சொல்லும் மானாவாரி நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்ட ஒரு கை எண்ணிக்கைக் குடும்பங்கள்.

அம்மா அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் செவிலியர். கோடை விடுமுறையில் என்னை விட்டுப்போக ஆளில்லாததால் ஜீப்பின் பின்னால் ஏற்றிவிடுவாள். எனக்கும் ஒரு வேலை உண்டு. இளம்பிள்ளைவாதத்துக்கான சொட்டு மருந்தை ஐஸ் போட்ட அகலவாய் ஃபிளாஸ்க்கில் வைத்திருப்பாள், அதை நான் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். "இது உன் தம்பி மாதிரி. ஆட்டாம புடி" என்பாள். ஐஸ் கரைந்தால் மருந்து செத்துவிடும், செத்த மருந்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான் என்று அவள் சொல்லிச் சொல்லி, தம்பி இல்லாத எனக்கு அந்த ஃபிளாஸ்க்கின்மேல் தாய்ப்பாசமே வந்திருந்தது.

ஜீப்பை ஓட்டியவர் செல்லமுத்து மாமா. ஒரு காலத்தில் வேப்பந்தட்டைப் பக்கமிருந்து பச்சமலைக்கு ஜீப் ஏற்றி இறக்கியவர், பலாப்பழமும் ஆட்களும் ஒருவர்மேல் ஒருவராக. "கண்ண மூடிக்கிட்டு மலை ஏறுனவன் நான்" என்பார். "இங்க கண்ண தொறந்து ஓட்டுங்க, போதும்" என்பாள் அம்மா. ஜீப்பின் ஆரன் செத்துப்போய்விட்டதால், குச்சி ஐஸ்காரர்கள் சைக்கிளில் மாட்டியிருக்கும் ரப்பர் பந்து ஆரன் ஒன்றைக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தார்.

அன்றைக்குக் கொட்டாய்க்குப் போயே தீரவேண்டும். முந்தின மாதம் ஜீப் ரிப்பேராகிப் போகமுடியவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு உச்சிப்பொழுதுவரை காத்திருந்த பெண்கள், "இன்னொரு தடவ ஏமாந்து ஒக்கார மாட்டோம்" என்று பால்காரரிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். சொன்னவள் அஞ்சலை. அவளுடைய மூத்த பையனுக்குச் சொட்டு மருந்து போய்ச் சேருமுன்பே காய்ச்சல் போய்ச் சேர்ந்து, ஒரு கால் சூம்பிவிட்டிருந்தது. இப்போது கைக்குழந்தையாக ஒரு பெண் பிள்ளை. அந்தப் பிள்ளையின் கால்கள்தான் என் முழங்கால்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டிருந்தன என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபிளாஸ்க்கின் குளிர்ச்சி மட்டும்.

கோடைமழை ஒன்று கொட்டி, வண்டிப்பாதையை ஓடை அறுத்துப்போட்டிருந்தது. மாமா இறங்கிப் பார்த்தார், குனிந்தார், முகம் மலர்ந்தார்.

"ஆட்டுப் புழுக்க கெடக்குது பாருங்க சிஸ்டர். ஆடு பொழுது சாஞ்சா வூட்டுக்குத்தான போவும்? இத புடிச்சிக்கிட்டே போனா கொட்டாய்ல கொண்டுபோய் வுட்டுரும்."

"வழி தெரியாம புழுக்கைய பாத்து வந்தோம்னு ஆபீஸ்ல சொல்லிறாதீங்க" என்றாள் அம்மா. ஆனாலும் அவளுக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. ஆடு போன தடம் ஊருக்குப் போகும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்கும் வயதிலேயே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஜீப் மேட்டில் ஏறும்போது வானம் மட்டும் தெரிந்தது, இறங்கும்போது மண் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு மேட்டிலும் அதோ கூரை என்று நினைப்போம், இன்னொரு மேடு நிற்கும். கடைசியில் தடம் ஒரு தரிசுக் கொல்லையில் கொண்டுபோய்விட்டது. வீடும் இல்லை, வேலியும் இல்லை. வலைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஆடுகள், ஒரு கறுப்புக் குடை, குடைக்குக் கீழே ஒருவர். எருவுக்காக யாரோ போடச்சொன்ன "கிடை" அது. ஆடு வீட்டுக்குப் போகாமல், அறுத்த கொல்லைகளில் படுத்துப்படுத்து ஊர் சுற்றும் பருவம் அது என்பதை ஊரில் பிறந்த இரண்டு பேரும் மறந்துபோயிருந்தார்கள்.

"கொட்டாய்க்கு வழி எதுங்க?" என்றாள் அம்மா.

குடைக்காரர் சிரித்தார். "நல்லா கேட்டீங்க. நான் ராமநாதபுரத்துப் பக்கம்மா. நேத்துத்தான் இங்க வந்து எறங்குனேன். வண்டியப் பாத்ததும், தண்ணி எங்க இருக்கும்னு உங்களக் கேக்கலாம்னு நின்னேன்."

அம்மா சிரிக்கவில்லை. என்னிடமிருந்து ஃபிளாஸ்க்கை வாங்கித் திறந்து பார்த்தாள். காலையில் செங்கல் துண்டாக இருந்த ஐஸ் கோலிக்குண்டுகளாகச் சுருங்கியிருந்தது. மாமா தலையைச் சொறிந்தார்.

"திரும்பிருவோம் சிஸ்டர். இப்ப கெளம்புனா ஆஸ்பத்திரி பிரிட்ஜுல வச்சி மருந்த காப்பாத்திரலாம்."

"மருந்து பொழைச்சிரும் செல்லமுத்து. அஞ்சல புள்ள?"

தன் மேலேயே வந்த எரிச்சலில் மாமா அந்த ரப்பர் பந்தை ஓங்கி அமுக்கினார். பாம், பாம் என்று அது அலற, ஓடைக்கு ஓடை எதிரொலித்தது. கோபம் தீரும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

முதலில் ஒரு தலை தெரிந்தது. வலப்பக்கத்து மேட்டின் உச்சியில், சட்டை போடாத ஒரு பையன். அவனுக்குப் பின்னால் இன்னொரு தலை, அப்புறம் நாலைந்து. "ஐஸு! ஐஸு!" என்று கத்திக்கொண்டு சரிவில் புழுதி பறக்க இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால், "டேய், நில்லுங்கடா, வெயில்ல எங்கடா ஓடுறீங்க" என்று இடுப்பில் குழந்தைகளோடு பெண்கள். கொட்டாய் அந்த ஒரு மேட்டுக்கு அப்பால்தான் இருந்திருக்கிறது.

முன்னால் வந்தவள் அஞ்சலை. மூச்சு வாங்க நின்று, ஜீப்பைப் பார்த்தாள், ஆரனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"ஏன் நர்ஸம்மா, உத்தியோகத்த வுட்டுட்டு ஐஸ் விக்கக் கெளம்பிட்டீங்களா?"

அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். ஜீப்பின் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இப்படி வுடு புள்ளைய" என்று முதலில் அஞ்சலையின் மகளைத்தான் மடியில் வாங்கினாள். இரண்டு சொட்டு. பிள்ளை முகத்தைச் சுளித்தது. அடுத்த பிள்ளை. அடுத்தது. கிடைக்காரர் குடையைக் கொண்டுவந்து பிடித்தார். எல்லாப் பிள்ளைக்கும் கொடுத்து முடித்தபோது, நாளெல்லாம் நாங்கள் உயிராகக் காத்த ஐஸில் சில சில்லுகள் மிச்சமிருந்தன.

ஏமாந்து நின்ற பொடிசுகளின் உள்ளங்கைகளில் அதை வைத்தாள் அம்மா. "வாயில வைக்கக் கூடாது. கையிலயே வச்சிக்குங்க." கடைசியாக, எல்லோரும் வந்து வெகுநேரம் கழித்து, சூம்பிய காலின் முட்டியில் கையை ஊன்றி ஊன்றி அந்த மூத்த பையன் வந்து சேர்ந்தான். இருந்ததில் பெரிய சில்லை அம்மா அவனுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தாள். அவன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.

சிக்னலில் அந்த ஜீப்பைப் பார்த்த வாரமே மனசு பொறுக்காமல் கொட்டாய்க்குப் போனேன். தார் ரோடு வாசல்வரை போகிறது. அஞ்சலைக்கு முடி பஞ்சாகிவிட்டது. பையனுக்கு டவுனில் செல்போன் கடை, மூன்று சக்கர ஸ்கூட்டியில் போய்வருகிறானாம். அன்றைக்கு முகத்தைச் சுளித்த மகள், தன் பிள்ளைகளோடு லீவுக்கு வந்திருந்தாள். பேசிக்கொண்டிருந்தாலும் என் கண் தெருப்பிள்ளைகளின் கால்களிலேயே இருந்தது. என் வகுப்பில் கால் சூம்பியவர்கள் இரண்டு பேர், பக்கத்துத் தெருவில் ஒருவர், பஸ் ஏறினால் ஒருவர் என்று பார்த்து வளர்ந்த கண் அது. எத்தனையோ காணாமல்போனதற்கு நாம் அழுகிறோம். இது காணாமல்போனதை யாரும் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. அந்தத் தெருவில் ஒரு பிள்ளையின் கையும் முட்டியில் இல்லை.

கிளம்பும்போது, அம்மா அரியலூரில் தம்பி வீட்டில் இருப்பதையும், முட்டிவலியில் வெளியே வருவதில்லை என்பதையும் சொன்னேன். (ஆமாம், அதற்குப் பிறகு நிஜமாகவே எனக்கொரு தம்பி பிறந்தான்.) அஞ்சலை ஸ்கூட்டிவரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கார் வச்சாவது ஒருநா கூட்டியாம்மா. மருந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். சும்மா வந்து ஒக்காந்து பாக்கட்டும். ஓடுற ஓட்டத்துல இந்தப் புள்ளைவள்ல ஒண்ணையும் என்னால எட்டிப் புடிக்க முடியலன்னு சொல்லு."