சித்தப்பாவின் கூச்சம்

என் சித்தப்பாவுக்குக் கூச்சம் என்று சொன்னால், அவரைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள்கூட நம்பமாட்டார்கள். நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். லாரியில் பெட்டி ஏற்றுபவர்களைப் பார்த்துக் காலையிலிருந்து மாலைவரை கத்துவதுதான் உத்தியோகம். “என் தொண்டை இல்லேன்னா அங்க ஒரு பெட்டி நகராது” என்பார். பெட்டிகளுக்குக் காது உண்டு என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று கூச ஆரம்பித்தது. குளிர் அறைக்குள் வாயைத் திறந்தால் போதும், சுரீரென்று மண்டைக்கு ஏறும். வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொண்டு கைஜாடையில் வேலை வாங்கினார். வேலை நடந்தது. வலியைவிட அதுதான் அவரை வதைத்தது. முதலாளி கண்ணில் பட்டால் என்ன ஆவது? அதே கிடங்கில் சரக்குச் சீட்டு எழுத என்னைச் சேர்த்துவிட்டவர் அவர். அவர் நாற்காலி போனால் என் ஸ்டூலும் போகும். எனக்குப் பல் வலிக்காமலே தூக்கம் போயிற்று.

இங்கே பல் டாக்டரைப் பார்க்க நாலு மாதம் காத்திருக்க வேண்டும்.

“நாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருங்களேன். வீடும் கொஞ்சம் உருப்படும்” என்றாள் சித்தி.

“உனக்குக் கொழுப்புடி” என்று சொல்லித் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, பக்கத்து நாட்டில் ஒரு மருத்துவமனையை செல்போனில் தேடிப் பிடித்தார் சித்தப்பா. கூட்டிப்போகக் கார், கடலைப் பார்த்த அறை, இடையில் நேரமிருந்தால் பல்லும் பார்ப்பார்கள் போல.

நோயை விவரித்து எழுதுவது என் பொறுப்பு. இரண்டு மொழி படித்தவனாம். தப்பாக எழுதிவிடுவேனோ என்ற பயத்தில், ‘ரொம்பக் கூச்சமாக இருக்கிறது’ என்பதை செல்போனையே மொழிபெயர்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். பதிலில் கனிவு வழிந்தது. வெட்கப்படும் நோயாளிகள் அவர்களுக்குப் புதிதில்லையாம். அவர் யாரிடமும் பேசத் தேவையில்லை, மயக்க மருந்து கொடுத்துவிடுவார்களாம். இனி தைரியமாகச் சிரிக்க முன்பல் எல்லாவற்றையும் மாற்றித் தருவார்களாம்.

“முன்பல்லு அவங்களை என்னடா பண்ணுச்சு?”

“உங்களைக் கூச்ச சுபாவம்னு நெனச்சுட்டாங்க, சித்தப்பா.”

சித்தி சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

திருத்தி எழுதினேன். கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் வேர் சிகிச்சை, பத்து நாள் தங்க வேண்டும் என்று ஒழுங்கான பதில் வந்தது. டிக்கெட் போட்டுவிட்டு, லீவு கேட்க முதலாளி அறைக்குப் போனோம்.

“பத்து நாள் நான் இல்லாம நீங்க சமாளிக்கறது கஷ்டம்தான், சார்...” என்று சித்தப்பா இழுத்தார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு மாசம்கூட இருந்துட்டு வாங்க. இப்பல்லாம் லாரி டயத்துக்குக் கெளம்புது, சத்தமும் இல்ல” என்றார் முதலாளி, அன்போடு.

வெளியே வந்ததும் சித்தப்பா, “டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுடா” என்றார்.

“அப்ப பல்லு?”

“பல்லு கெடக்குது. நான் போனா, திரும்பி வர்றப்ப என் நாற்காலியில எவனாவது பெட்டியை அடுக்கி வச்சிருப்பான்.”

மறுநாள் காலை மப்ளரை வாயோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு குளிர் அறைக்குள் நுழைந்தார். மப்ளரை இறக்கினார். “டேய், அந்தப் பெட்டிய...” என்பதுவரை வந்தது. அப்படியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்துவிட்டார்.

“காலைக் கொஞ்சம் மடக்குங்க, சார்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார் ஒருவர்.