ஆன் ஆகுது, ஆனா வரமாட்டேங்குது

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் எங்களுக்கு வரும் புகார்களில் பாதி ஒரே வாக்கியம்தான்: “ஆன் ஆகுதுங்க, ஆனா வரமாட்டேங்குது.” எது வரமாட்டேங்குது என்று திருப்பிக் கேட்டால் சொன்னவருக்கும் தெரியாது. கம்பெனிப் பெட்டி என்றால் கேரண்டி கார்டைத் தேடச் சொல்லித் தப்பித்துவிடலாம். பாகம் பாகமாக வாங்கி, வீடியோ பார்த்து, வீட்டிலேயே அசெம்பிள் செய்த பெட்டிக்குத் தாயுமில்லை, தகப்பனுமில்லை. நான்தான்.

சேலத்தில் நானும் என் பார்ட்னர் குணாவும் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறோம். அவர் கடையில் உட்கார்ந்து பார்ப்பார். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அதனால் வெளி வேலையெல்லாம் எனக்கு. கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தாலும், மேடையில் பாட்டுப் போடுகிறவருடைய பெட்டியின் ஃபேன் சத்தம் சரியில்லையே என்று காது அங்கேதான் போகும். ஒரே ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து சொந்தபந்தம் முழுவதற்கும் மெக்கானிக் ஆகிப்போனவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

தோகை வராத மயில்

இளம்பிள்ளையில் பழனிவேல் என்பவர் சேலைக்கு டிசைன் போடுகிறவர். முந்தானையில் வரும் மயிலும் மாங்காயும் அவர் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்த பிறகுதான் தறிக்குப் போகும். அவரே அசெம்பிள் செய்த புதுப் பெட்டி. ஆன் செய்தால் அழகாக வரும், மயிலின் கழுத்தைத் தாண்டுவதற்குள் பட்டென்று அணைந்துவிடும். “இன்னும் ஒரு மயிலுக்குக்கூடத் தோகை வரலைங்க” என்றார். தீபாவளிச் சரக்குக்கு டிசைன் கேட்டு வந்த தறிக்காரர்கள் இரண்டு பேர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது.

பெட்டியைத் திறந்து, பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. சூடாகி அணைகிற பெட்டியில் சூட்டை இழுக்க வேண்டிய சாமானே ஜில்லென்றிருந்தால், சூடு அதனிடம் வந்து சேரவே இல்லை என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தால், அடியில் ஒட்டி அனுப்பியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. மாட்டுவதற்கு முன் உரிக்க வேண்டும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. உரித்து, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் தடவி, மறுபடி மாட்டினேன். மயிலுக்குத் தோகை முழுசாக விரிந்து, தறிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்வரை நானும் உட்காரவில்லை. பழனிவேல் மட்டும் அந்தத் தாளைக் கையில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். “புதுப் பொருள் மேல ஒட்டியிருக்கறதப் பிய்க்க மனசு வருமாங்க? எங்கூட்டுல பிரிட்ஜு மேல ஒட்டுனதே இன்னும் பிரிக்கலீங்க.”

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸிலிருந்து அழைப்பு. கம்ப்யூட்டர் ஆன் ஆகிறதாம், சில விநாடிகளில் தானே அணைகிறதாம். சரக்கு ஏற்றிய லாரிகள், கம்ப்யூட்டரில் போட வேண்டிய ஈ-வே பில்லுக்காக வரிசையில் நிற்கின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் ராமசாமி ஒரு கையில் போனும் மறு கையில் இன்னொரு போனுமாக ஆபீஸுக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். டிரைவர்கள் ஜன்னலில் முகத்தை வைத்து என்னையே பார்த்தார்கள்.

ரேமைக் கழற்றினேன், மாட்டினேன். வேறு பவர் சப்ளை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சலித்துப்போய் முன்பக்கம் வந்து பார்த்தபோதுதான், ஆன் செய்கிற பொத்தானின் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, பொத்தான் அழுந்தியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைத்து, பெட்டி ஒவ்வொரு முறையும் மரியாதையாக அணைந்துகொண்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டதும் வந்துவிட்டது. ராமசாமி என்னைப் பார்த்தார், வெளியே மாலையோடு நின்ற லாரிகளைப் பார்த்தார். “அதுகளுக்கும் இதே சந்தனந்தானுங்க வெச்சோம். அதெல்லாம் ஓடுதே!”

நான் போனால் நல்லபிள்ளை

கெட்டுப்போன பெட்டியைக் கண்டு எனக்குப் பயமில்லை. எப்போதாவது கெட்டுப்போகிற பெட்டிதான் தூக்கத்தைக் கெடுக்கும். அஸ்தம்பட்டியில் பிரவீன் என்று ஒரு பையன், புது வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான். இன்னும் நிரந்தரம் செய்யவில்லை. மேலதிகாரியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அவன் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் அணைந்துவிடும். “வேணும்னே கட் பண்றியான்னு கேக்கறாங்கக்கா” என்றான். நான் போனால் பெட்டி நல்லபிள்ளையாக ஓடியது. கடைக்குத் தூக்கி வந்தேன். இரண்டு நாள் நிறுத்தாமல் ஓடியது. குணா அதன் மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு, “உடம்புக்கு ஒண்ணுமில்லாத ஆளை எதுக்கு ஆஸ்பத்திரியில வெச்சிருக்கே?” என்று கேட்டார். திருப்பிக் கொடுத்த அன்றே பிரவீன் அழைத்தான்: மறுபடி போய்விட்டது.

எனக்கு அதற்குமேல் வேறு வேலை ஓடவில்லை. அடுத்த நாள் காலையில் அவன் வீட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் அம்மா காபி கொடுத்தார், இட்லி கொடுத்தார், என் பூர்வீகம் விசாரித்தார். பெட்டி அசையவில்லை. பதினோரு மணிக்கு மீட்டிங். மேலதிகாரி திரையில் வந்தார். பிரவீன் பேசிக்கொண்டே பழக்கத்தில் கையை நீட்டி, தன் செல்போனின் சார்ஜர் ஒயரைப் பெட்டியின் முன்பக்கத் துளையில் செருகினான். திரை கருத்தது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தத் துளைக்குள் ஒரு தகடு வளைந்து பக்கத்துத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒயரைச் செருகும்போதெல்லாம் ஷார்ட் ஆகி, பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. மீட்டிங் என்றால் நீளமாகப் போகும், போனில் சார்ஜ் இருக்காது, செருகுவான். கடையில் நாங்கள் செருகவில்லை, அதனால் அணையவில்லை. முன்பக்க இணைப்பை உள்ளே பிடுங்கிவிட்டு, அவனை மறுபடி மீட்டிங்கில் உட்கார வைத்தேன். அவன் மன்னிப்புக் கேட்டுப் பேசத் தொடங்கியதும், பின்னால் நின்ற அம்மா தன் குரல் மேலதிகாரிக்கும் கேட்குமே என்றுகூடப் பார்க்காமல் வெற்றிக் குரலில் சொன்னார்: “எல்லாத்துக்கும் அந்தப் போனுதான் காரணம்னு நான் எத்தனை தடவ சொன்னேன், கேட்டியா?”

தண்ணி காட்டுதல்

கோடையில் நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணை ஒன்றுக்குப் போனேன். பண்ணைக்காரர் நல்லசிவம் ரப்பர் செருப்போடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். “செருப்பில்லாம தொட்டா சுர்ருங்குதுங்க” என்றார். பெட்டி அடிக்கடி உறைந்து நிற்கும், தானாக அணைந்து எழும். முட்டை ஏற்ற வண்டி வந்து நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் இது நடக்கும். மருமகள் ஒருத்திதான் பெட்டியைக் கையாளத் தெரிந்தவள். அவளும் அதைத் தொடப் பயந்து சமையற்கட்டோடு நின்றுவிட்டாள். பில் போட ஆளில்லை.

பாகங்களில் குறையில்லை. ஒரு எர்த் ஒயர் சுவரோடு இறங்கிப் பின்பக்கம் போனது. நானும் அதன் பின்னாலேயே போனேன். எர்த் குழி வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஈரமே இல்லாத மண்ணில் கசிகிற கரண்டு எப்படி இறங்கும்? ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றினேன். மண் குடிக்கிற சத்தம் கேட்டது. அரைமணி பொறுத்து, மருமகளைக் கூப்பிட்டு வெறும் கையால் தொடச் சொன்னேன். அவள் ஒரு விரலை வைத்து எடுத்தாள், பிறகு உள்ளங்கையை வைத்தாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோடை முடியும்வரை தினமும் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நல்லசிவம் ஸ்கூட்டர் வரைக்கும் கூடவே வந்தார். “இத்தன வருசமா கோழிக்குத் தண்ணி காட்டறனுங்க. கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான் அம்மணி.”

மோகனூர் கைதட்டல்

மோகனூரில் கரும்பு விவசாயி ஒருவரின் மகள் கீர்த்தனா, கல்லூரி விடுமுறையில் தானே ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தாள். முதல்முறை ஆன் செய்வதைப் பார்க்கத் தெருவே வந்திருக்கிறது. அப்பா கற்பூரம் காட்டியிருக்கிறார். பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. ஒரு பெரியப்பா, “பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேல?” என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார். அவள் அழுதுகொண்டே போன் செய்தாள். நான் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் இருந்தபடியே கேள்வி மேல் கேள்வி: அந்த ஒயர் மாட்டினாயா, இந்த ஒயர் மாட்டினாயா, ரேம் டக்கென்று உட்கார்ந்ததா? எல்லாவற்றுக்கும் ஆமாங்கக்கா, ஆமாங்கக்கா. நாமக்கல் தாண்டுவதற்குள் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

மோகனூரில் இறங்கி அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது ஒரே கைதட்டல். கீர்த்தனா வாசலுக்கு ஓடி வந்தாள். முகத்தில் சிரிப்பும் வெட்கமும். பவர் சப்ளையின் பின்பக்கம் சின்னதாக ஒரு சுவிட்ச் இருக்கும், அது அணைந்தே இருந்திருக்கிறது. நான் வருவதற்குள் அவளே கண்டுபிடித்துப் போட்டுவிட்டாள். அத்தனை கேள்வி கேட்ட நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. எனக்கு வேலை என்று அங்கே சாப்பிடுவது மட்டும்தான் இருந்தது. பரிமாறிக்கொண்டே அவள் அப்பா சொன்னார்: “ஊடு பூரா ஃபியூஸ் மாத்திப்போட்டனுங்க, கரண்டு கம்பம் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்தேன். அந்தச் சுவிச்சு ஒண்ணுதானுங்க பாக்கி!”

சொந்தப் பெட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கம்ப்யூட்டரே எழவில்லை. காலையில் உட்கார்ந்தவள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. தரை முழுக்க ஸ்க்ரூ. என் கணவர் கோலத்தைத் தாண்டுவதுபோல் தாண்டித் தாண்டி நடந்தார். கடைசியில் பொறுக்காமல் குணாவுக்கு அவரே போன் போட்டார். குணா வந்து பவர் சப்ளையைக் கழற்றிக் குலுக்கினார், கடகடவென்றது. திறந்தார். உள்ளே ஒரு பல்லி, காய்ந்து கருவாடாக. அதை அட்டையால் எடுத்து வெளியே போட்டுவிட்டு, நாள்காட்டியின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். “நம்ம மேல பல்லி விழுந்தா பலன் போட்டிருக்கான். பல்லி மேல கரண்டு விழுந்தா யாருக்குப் பலன்னு போடலியே!”

கண் மூடிய படங்கள்

ராசிபுரத்தில் சங்கரும் அவர் மனைவி மலர்விழியும் ஸ்டுடியோ வைத்திருக்கிறார்கள். சங்கர் படம் எடுப்பார், மலர்விழி ஆல்பம் வடிவமைப்பார். ஒரு காலை மலர்விழி அழைத்தபோது குரலே சரியில்லை. பெட்டி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், நிற்கும். அதற்குள் தேன்மொழி என்ற பெண்ணின் கல்யாணப் படங்கள் இருந்தன. கல்யாணம் முடிந்த சில வாரங்களில் அவளுடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தியாகிவிட்டது. வேறு நகல் கிடையாது. நான் போனபோது சங்கர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். போனில் அவர் மச்சான், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். “யாரும் தொடாதீங்க” என்று கத்தியே விட்டேன்.

பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செய்தி கேட்டு வந்த தேன்மொழி. அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு வேலை ஓடியிருக்கும். ஒன்றுமே கேட்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹார்டு டிஸ்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவில்லை. காதருகே வைத்தேன், சத்தமில்லை. பையைக் கவிழ்த்து வேறொரு கேபிளைத் தேடி மாட்டினேன். மெதுவாக, மிக மெதுவாக, டிஸ்க் சுழலத் தொடங்கியது. டிஸ்கில் குறையில்லை; முதலில் மாட்டிய என் கேபிள்தான் பழுது, அவர்கள் பெட்டியில் பவர் சப்ளைதான் தளர்ந்துபோயிருந்தது. அதை மாற்றுவதெல்லாம் அப்புறம் என்று, முதலில் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன்.

நகல் ஆகும்போது படங்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்து போயின. வாசலில் பன்னீர்ச் செம்போடு அப்பா. துண்டால் கழுத்தைத் துடைக்கும் அப்பா. தாரை வார்க்கும்போது குனிந்து கண்ணை மூடியிருக்கும் அப்பா. மலர்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லதாப் பாத்து எடுத்து ஆல்பத்துல போட்டுடறேன் சாமி” என்றார். தேன்மொழி ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றாள். அன்று அவள் வாய் திறந்து பேசியது அப்போதுதான். “கண்ணு மூடியிருக்கற படத்தயும் தூக்கிப் போட்டுடாதீங்கக்கா. எங்கப்பா இருக்கறது எல்லாமே வேணும்.”

*

சரிசெய்து கொடுத்த பெட்டி நன்றாக ஓடுகிறவரை யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் கிடைக்கிற ஒரே பாராட்டு. அதையும், ஏன் யாருமே கூப்பிடவில்லை என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேதான் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.