ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவள்

என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது கேட்காது. இது எங்கள் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. விருந்தாளிகள் வந்தால் அம்மா அவளைக் கூடத்தின் இடது மூலையில் உட்கார வைப்பாள். வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு வலப்பக்கம் இருப்பார்கள்.

"நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க காதுக்கு இது போகக் கூடாது."

"அவங்க காதாவது நல்லா இருக்கட்டும்மா" என்பாள் அக்கா, சிரிக்காமல்.

மேல்படிப்புக்கு வெளிநாடு போன பிறகு வலது காதும் மங்க ஆரம்பித்தது. அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து ஆசிரியர்களின் உதட்டைப் பார்த்தே பாடம் படித்தாள். சில பேர் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அந்தப் பாடங்களைப் புத்தகத்தில் தேடிப் பிடித்தாள். எழுத்துத் தேர்வுகளில் எல்லாம் தேறிவிட்டாள். பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு. மூன்று ஆசிரியர்கள் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், உடனே பதில் சொல்ல வேண்டும். அதில் தேறாவிட்டால் படிப்பு அதோடு போச்சு.

காது கேட்காத மாணவர்களுக்கு அந்தக் கல்லூரியிலேயே உதவி உண்டு. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் திரையில் தட்டச்சு செய்து காட்டுவார். வாய் திறந்து கேட்டால் போதும். அக்கா கேட்கவில்லை. படிப்பு முடியும்வரை மூச்சு விடக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். எங்களோடு வீடியோவில் பேசும்போதும் படம் முந்தும், சத்தம் பிந்தும், உதட்டைப் படிக்க முடியாது. "நெட் சரியில்லை" என்று வைத்துவிடுவாள். அத்தை விடுவாளா? "ஃபிளைட்டு ஏறினதும் தலைக்கனமும் ஏறிடுச்சு" என்றாள்.

அவளோடு அறையில் தங்கியிருந்த தோழியும் தமிழ்க்காரிதான். ஓயாமல் பேசுவதால் எல்லோரும் அவளை ரேடியோ என்றார்கள். அவளுக்குப் பதில் தேவைப்படாது, தலையாட்டினால் போதும். அதனால் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. பின்னாளில் இதை எனக்குச் சொல்லி அழுதவளும் அவள்தான்.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய வாரம் ரேடியோ அக்காவை ஓர் இசை நிகழ்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பழைய கிடங்கு ஒன்றை அரங்கமாக்கியிருந்தார்கள். ஆரம்பிக்கவே நள்ளிரவாகிவிட்டது. வாசலில் கையில் முத்திரை குத்தி, காதில் அடைத்துக்கொள்ள மஞ்சள் பஞ்சு கொடுத்தார்கள். ரேடியோ வாங்கிக்கொண்டாள். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். இருப்பதையும் ஏன் அடைக்க வேண்டும் என்று நினைத்தாளாம்.

மேடையில் ஒரே ஓர் ஆள். முன்னால் மேசை, அதில் திருகும் குமிழ்கள், ஒயர்கள். அவன் பாடவில்லை, எதையும் வாசிக்கவும் இல்லை.

"என்னடி இது, கரண்டு ஆபீஸ்ல வேலை பாக்கறவன் மாதிரி நிக்கிறான்?" என்றாள் ரேடியோ.

பிறகு சத்தம் வந்தது. அக்காவுக்கு அது தரையிலிருந்து வந்தது. உள்ளங்காலில் ஏறி, முழங்கால் வழியாக விலா எலும்புக்கு வந்து அங்கேயே இடித்தது. பல மாதங்களாக ஒவ்வொரு சொல்லையும் துரத்திப் பிடித்தவளுக்கு இதைத் துரத்த வேண்டியிருக்கவில்லை. அவள் ஆளுயர ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். அந்த அரங்கத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. எல்லோரும் கத்தினார்கள், கை ஜாடை காட்டினார்கள், உதட்டைப் பார்த்தார்கள்.

பக்கத்தில் நின்றவன் ரேடியோவிடம் ஏதோ கத்தினான். ரேடியோ அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அக்கா விளக்கு வெளிச்சத்தில் அவன் வாயைப் பார்த்துவிட்டு, ரேடியோவின் கையில் விரலால் எழுதிக் காட்டினாள்: அவன் காலை மிதிச்சிட்டிருக்க.

ரேடியோ துள்ளி நகர்ந்தாள். "உனக்கு மட்டும் எப்படிடி கேக்குது?" என்று வாயசைத்தாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரேடியோ பார்த்ததே இல்லையாம். நாளைக் காலையில் இவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், கல்லூரியிலும் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா அங்கேயே முடிவு செய்தாள்.

வெளியே வந்ததும் ரேடியோ தெருவிளக்கடியில் நின்று காதைக் குடைந்தாள்.

"அய்யோ, காது அடைச்சுப்போச்சு. ஒண்ணுமே கேக்கலை!"

"எனக்கும்" என்றாள் அக்கா.

ரேடியோ அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டாள். மறுநாள் அவள் காது திறந்துவிட்டது. அக்காவுக்கு வலது காதில் மிச்சமிருந்ததும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். சத்தத்தால் போயிருக்கலாம், தானாகவே போகவேண்டிய காதாகவும் இருக்கலாம் என்று மருத்துவர் எழுதிக் காட்டினார். மருந்து கொடுத்தார், பலன் இல்லை. கருவி வைத்தாலும் பெரிதாக உதவாது என்றார். அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் சொல்ல அக்காவுக்கு மனம் வரவில்லை. கூத்தடிக்கப் போய்க் காதைத் தொலைத்துவிட்டு வந்தாள் என்பார்களே என்று பயந்தாள்.

தேர்வறையில் ஆசிரியர்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் மூன்று முகமும் இருட்டு. அக்கா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி கேட்டார்கள். அவள் அதையே மறுபடி ஒப்பித்தாள்.

ஊர் திரும்பும் முன் எனக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பியும் நம்பாமலும் இருந்தார்.

விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் வந்தோம். அப்பா முன் இருக்கையில் இருந்தார். நேராக ரோட்டைப் பார்த்தபடி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாகிவிடும், அடுத்த வருஷம் இங்கேயே நல்ல கல்லூரியில் சேரலாம் என்றார். பின்னால் இருந்த எங்களுக்கு அவருடைய பிடரிதான் தெரிந்தது. நான் அக்காவின் கையைத் தொடப் போனேன். அதற்குள் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, மெல்லத்தான் சொன்னார்: "பாவம், பாப்பாவுக்குத் தூக்கம் போல."

கண்ணாடியில் அவர் வாய் முழுசாகத் தெரிந்தது.

"தூங்கலைண்ணே" என்றாள் அக்கா.

அப்பா பேச்சை நிறுத்தினார். திரும்பி அவளைப் பார்க்கவில்லை.

"அவர் முணுமுணுத்தது கேக்குது. நான் இவ்வளவு நேரமா கத்துறது கேக்கலை, இல்ல?" என்றார், ரோட்டைப் பார்த்தே.

"அப்பா, அவ கண்ணாடியில..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு" என்றார்.

அக்கா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வேறெதுவும் பேசவில்லை.