த்ரோவை ஒழிக்க வந்த மாமா

கால்பந்தில் பந்து கோட்டைத் தாண்டினால் கையால் எறிவதற்குப் பதிலாகக் காலால் உதைத்து உள்ளே அனுப்பலாமா என்று உலகத்தில் பெரிய மனிதர்கள் எங்கோ கூடி யோசிப்பதாக அவ்வப்போது செய்தி வரும். படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்கள் பேட்டையான நீலசந்திராவில், என் சித்தப்பாவின் சாமியானா வாடகைக் கடையில், அந்த வழக்கை நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமே பேசித் தீர்த்துவிட்டோம்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் தெருப் பையன்கள் விளையாடும் மண் மைதானத்துக்கு ஒரு பக்கம் உயரமான சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ராஜகால்வே, அதாவது மழைத் தண்ணீரோடு ஊர் அழுக்கையெல்லாம் சுமந்து போகும் பெரிய சாக்கடை. பெண் பிள்ளை என்று என்னை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். பந்து சுவரைத் தாண்டினால் மட்டும் என் ஞாபகம் வரும். நான் சுற்றிப் போய், கால்வே ஓரத்தில் கிடக்கும் பந்தை எடுத்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிச் சுவர் தாண்டி எறிய வேண்டும். சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தை வருடக்கணக்கில் பார்த்ததில் கை நன்றாக உரமேறிவிட்டது.

அதை முதலில் கண்டுபிடித்தவர் மாமா. அம்மாவின் தம்பி. வைட்ஃபீல்டில் ஓர் ஆபீஸுக்கு வேன் ஓட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் எங்கள் தெரு டீமுக்குக் கோச்சாக இருந்தார். ஒருநாள் சுவருக்கு மேலாக வந்த பந்து மைதானத்தின் நடுவில் போய் விழுந்ததைப் பார்த்து, எவன்டா எறிந்தது என்று சுவரேறி எட்டிப் பார்த்திருக்கிறார். கீழே கவுனில் கையைத் துடைத்துக்கொண்டு நான் நின்றேன். அந்தக் கோடை விடுமுறையில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிக்கு என் பெயரையும் டீமில் சேர்த்துவிட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் எந்த டீமில் யார் ஆடலாம் என்பதைப் போட்டி நடத்தும் சங்கம்தான் முடிவு செய்யும். சங்கத்துக்குத் தலைவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. கூட்டம் அவர் கடையில்தான் நடக்கும், உட்காரும் நாற்காலிகளும் அவருடையவை என்பதால் தலைவர் பதவியும் அவரிடமே இருந்தது. மாமாவுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். மாமா இன்றைக்கு ஞாயிறு என்றால் சித்தப்பா காலண்டரைத் திருப்பிப் பார்ப்பார்.

டீ ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் மாமா பின்னால் போனேன். நாலு தெருக் கேப்டன்களும் இருந்தார்கள். சித்தப்பா பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர், என் பெயரில் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன மச்சான் இது? பொம்பளப் புள்ளைய எறக்குனா, நாளைக்கு அடிகிடி பட்டா யாரு பதில் சொல்றது?"

மாமா ஏதாவது சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவரோ டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும் மாப்ள, அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ரூல் பேசுவோம். இந்த வருஷத்துலருந்து த்ரோ வேணாம். பந்து வெளிய போனா தரையில வச்சு ஒதைக்கட்டும். ஃபாரின்ல பெரிய பெரிய ஆளுங்களே இதத்தான் பேசிக்கிட்டிருக்காங்க. டைமும் மிச்சம்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை எறிவதுதான். காலால் உதைத்தால் பந்து அதற்குப் பிடித்த பக்கம் போகும். த்ரோ இல்லாத ஆட்டத்தில் எனக்கு என்ன வேலை? என்னைச் சேர்த்தவரே குழி பறிக்கிறாரே என்று ஃபிளாஸ்க்கை டங்கென்று கீழே வைத்தேன்.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பெயர் இருந்த தாள் அவர் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"த்ரோ வேணாமா? நாளைக்கு கோல் காக்குற கோலிக்கும் கை வேணாம்பியா?"

பிறகு நடந்தது பெரிய ரகளை. ஒரு கேப்டன் மாமா பக்கம் பேசினார்; சின்ன மைதானம், உதைத்தால் ஆட்டம் விறுவிறுப்பாகும் என்றார். இன்னொருவர், ஓரத்திலிருந்து உதைத்தால் ஒவ்வொன்றும் ஃப்ரீ கிக் மாதிரி ஆகிவிடும், அப்புறம் தடுக்கிறவன் கதி என்ன என்றார். "எல்லாரும் ஒதைச்சா பந்து பூரா ராஜகால்வேலதான் விழும், யாரு எறங்கறது?" என்று சித்தப்பா கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். "ஆயித்து, பிடப்பா," ஆச்சு விடப்பா என்று கன்னடத்தில் சமாதானம் செய்ய வந்த கேப்டனை இரண்டு பக்கமும் சேர்ந்து உட்கார வைத்தார்கள். மாமா விடுவதாக இல்லை. எறிவதில் என்ன திறமை இருக்கிறது, தேங்காய் மூட்டை தூக்குகிறவனும் எறிவான் என்றார்.

அங்கேதான் சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெறமை இல்லியா? ஏய் பாப்பா, இங்க வா!"

என்னைத் தெருவில் நிறுத்திக் கையில் பந்தைக் கொடுத்தார். கடைசிக் கோடியில் பிரியாணி அண்டா ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. மாமா மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து எறிந்தேன். பந்து கட்டி வைத்திருந்த கம்புகளைத் தாண்டிப் போய் அண்டாவில் விழுந்து, கோயில் மணி மாதிரி சத்தம் எழுப்பியது. கேப்டன்கள் வாயைப் பிளந்தார்கள்.

"இதப் போயி ஒழிக்கணுமா? இந்தப் புள்ள எறியும்யா! எவன் தடுக்கறான்னு நானும் பாக்கறேன்!" என்று சித்தப்பா கத்தினார்.

கை தூக்கச் சொன்னார்கள். த்ரோ ஜெயித்தது. "மாப்ள சொன்னா சரிதான்" என்று மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னால் வந்ததே இல்லை. கீழே விழுந்த தாளை எடுத்து அவரே சித்தப்பாவிடம் நீட்ட, சித்தப்பா வெற்றிக் களிப்பில் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பெண் பிள்ளை ஆடலாமா என்ற பேச்சு மறுபடி எழவே இல்லை. நான் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பயிற்சி நடந்த நாட்களில் எல்லாம் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இறுதி ஆட்டம் சமநிலையில் முடியப் போகிற நேரம். சுவர்ப் பக்கம், எதிரணி கோலுக்குக் கொஞ்சம் தள்ளி, பந்து வெளியே போனது. எல்லாரும் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி, சுவர் தாண்டி எறிந்த அத்தனை நாளையும் நினைத்து எறிந்தேன். பந்து நேராகக் கோலுக்கே போனது. யார் மேலும் படாமல் உள்ளே போனால் த்ரோவுக்குக் கோல் கிடையாது. கோலி சும்மா நின்றிருந்தாலே போதும். ஆனால் பந்து தலைக்கு மேல் வரும்போது எந்தக் கோலியின் கைதான் சும்மா இருக்கும்? எம்பினான், விரல் நுனியில் பட்டது, உள்ளே போய்விட்டது.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். இத்தனை நாள் நான் பந்து பொறுக்கிக் கொடுத்த அதே பையன்களின் தோள். சித்தப்பா "ரூலக் காப்பாத்துனது யாருடா!" என்று தன் வாடகை நாற்காலி மேலேயே ஏறிக் குதித்து அதை உடைத்தார். தோளில் இருந்தபடியே நான் மாமாவைத் தேடிப் பிடித்து, நாக்கைத் துருத்திக் காட்டினேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, "தோத்துட்டேன் பாப்பா, தோத்துட்டேன்!" என்று கத்தினார். தோற்றவர் எதற்கு அப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்று சாயங்காலம் டிவியில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் த்ரோவை எடுத்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். மாமா திரையைப் பார்த்து, "போடா பேக்கு! த்ரோ இல்லாம அது என்னடா ஃபுட்பால்?" என்று திட்டினார்.

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். "அன்னிக்கு வேணாம்னு சொன்ன?"

"அன்னிக்கு அப்படித் தோணுச்சு பாப்பா."

ஒரே ஒரு த்ரோவில் மனுஷனைத் திருத்திவிட்டோம் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த கோடையில் மூன்று தெரு டீம்களில் பெண் பிள்ளைகள் பெயர் வந்தபோது, அதுவும் என் கை பலத்தால்தான் என்று நம்பினேன். ஆட்டம் முடிந்த அந்தச் சாயங்காலம், பாவம், வயதில் பெரியவர், விவரம் போதாது என்று மனமிரங்கி, சித்தப்பா வாங்கிக் கொடுத்த மைசூர்பாக்கில் பாதியைப் பிட்டு மாமாவிடம் நீட்டி அவரை மன்னித்தேன். அவரும் மறுபேச்சில்லாமல் வாங்கித் தின்றார்.