முப்பத்திநாலு மார்க்கு

எங்கள் நைனா சித்தூரில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் திருத்தித் தீராத கை, வீட்டுக்கு வந்து பாட்டு கேசட்டுகளைத் திருத்தும். புதிதாக ஒன்று வாங்கினால் இரண்டு பக்கத்தையும் மூன்று தடவை கேட்டுவிட்டு, நீளமான நோட்டில் பெயரை எழுதி, நூற்றுக்கு இத்தனை என்று மார்க்குப் போடுவார். பாஸ் மார்க்கு முப்பத்தைந்து. அதற்குக் கீழே போனால் சிவப்பு மை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான். ஆனால் திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் வாங்கிவந்த பெருமாள் பாட்டு கேசட் ஒன்று தொண்ணூற்றிரண்டு வாங்கியது. அந்த வருஷம் கணக்கில் எனக்கே அவ்வளவு வரவில்லை.

பழைய பாட்டுகளுக்குப் புது அட்டை போட்டுத் திரும்ப விற்பவர்கள்மேல் அவருக்குக் கோபம். ஆனாலும் திருப்பதிக்குப் போகும்போதெல்லாம் அப்படி ஒன்றை வாங்காமல் வரமாட்டார். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டு, எந்தப் பாட்டை விழுங்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பார். விழுங்கிய பாட்டு ஒன்றுக்கு ஐந்து மார்க்கு குறையும். எவ்வளவு கறாராக இருந்தாலும் எதையும் முப்பத்திநாலில் நிறுத்தியதில்லை. ஒரு மார்க்கில் பிள்ளையைப் பெயிலாக்குகிறவன் வாத்தியாரே இல்லை என்பார். பரீட்சைத் தாளுக்கு என்ன நியாயமோ, அதுவே கேசட்டுக்கும்.

எங்கள் சர்ச் பாடகர் குழு எப்போதோ போட்ட கேசட்டும் அந்த நோட்டில் இருந்தது. பத்துப் பாட்டு, எழுபத்தெட்டு மார்க்கு. இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டைத் தனியாகப் பாடியவர் என் அத்தை, நைனாவின் தங்கை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அத்தை ராமகுப்பத்தில் பட்டுப்புழு வளர்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டார். அவர் சர்ச்சைச் சேர்ந்தவர் இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அத்தை பேச்சை எடுப்பதில்லை. அந்தப் பாட்டு மட்டும் ஓடும். அது ஓடும்போது அம்மா பாத்திரம் உருட்டமாட்டாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அந்தக் கேசட்டை சிடியாகக் கொண்டுவர சர்ச் கமிட்டி முடிவு செய்தது. நைனாதான் பாடகர் குழுச் செயலாளர். சிடி வீட்டுக்கு வந்தது. இரைச்சலே இல்லாமல், கழுவித் துடைத்ததுபோல் இருந்தது சத்தம். ஆனால் ஒன்பது பாட்டுதான் இருந்தது. அத்தை பாட்டைக் காணோம். நைனா ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து 34 என்று எழுதினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுபத்தெட்டில் ஐந்து போனால் எவ்வளவு என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதா?

"எழுபத்திமூணுதானே நைனா வரணும்?"

"வராது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சிடியை வெளியிட்டார்கள். டீ, கேக் எல்லாம் கொடுத்தார்கள். கமிட்டித் தலைவர் ரிட்டையரான ஹெட்மாஸ்டர். நைனாவின் நோட்டைப் பற்றி சர்ச் முழுக்கத் தெரியும் என்பதால், எல்லோர் காதிலும் விழும்படி என்னைக் கேட்டார்:

"இன்னா பாப்பா, நம்ம சிடிக்கு உங்க நைனா எவ்ளோ போட்டுக்கிறாரு?"

பொய் சொல்லக்கூடாது என்று அன்று காலையில்தான் சண்டே ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள்.

"முப்பத்திநாலு," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் வாத்தியார், முப்பத்திநாலு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

"ஒரு மார்க்கு சேத்துப் போட மனசு வர்லியா மாஸ்டாரு?"

"ஒரு பாட்டு கொறையுது சார்," என்றார் நைனா.

"அந்தப் பாட்டு வேணாம்னு முடிவு பண்ணப்ப நீங்களும்தானே குந்திக்கினு இருந்தீங்க? மினிட்ஸ்ல மொதோ கையெழுத்தே உங்களுது."

"ஆமா சார். என்னுதுதான்."

எல்லோரும் கேக்கை மட்டும் மும்முரமாகத் தின்றார்கள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நைனாவை மாட்டிவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. ஸ்கூட்டரில் வரும்போது அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்ததும், அவர் சட்டை மாற்றப் போன நேரம் பார்த்து நோட்டை எடுத்து, சிவப்புப் பேனாவால் நாலை ஐந்தாக்கினேன். பாஸ் போட்டுவிட்டால் தகராறு தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு.

சாயங்காலம் அவர் அதைப் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நான் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் மறுபடியும் 34 என்று எழுதினார். மார்க்கைத் திருத்தினால் வாத்தியார்கள் போடுவதுபோல் அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டார். அப்புறம் பழைய கேசட்டை எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டார்.

பெயிலானது சிடி என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.